கவிழும் வண்டியும் காக்கும் வளையமும்



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச ஒரு பாடசாலை அதிபர் முன்வருவது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். நான் கலைப்பட்டம் பெற்றவன். வகுப்பறையிற் கற்பித்தவை வரலாறும் தமிழுமே. காரின் மூடியைத் திறந்தால், எண்ணெயின் அளவைப் பார்க்கும் கோல் எது என்பதற்கு மேல் எனக்கு அதிகம் தெரியாது. ஆயினும், ஒரு சித்திரை விடுமுறையில் சாட்டிக்கு வந்து சேர்ந்த சிறு கார் ஒன்று என்னைப் பல நாள் இப்பொருளிலேயே கட்டிப் போட்டுவிட்டது. அதன் பயனாக நான் கேட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன்.

சாட்டியை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலின் நடுவே போடப்பட்ட பாதையைக் கடந்து வேலணைத் தீவை அடைந்து, புங்குடுதீவுக்குச் செல்லும் வழியே போனால் எங்கள் கடற்கரை வரும். வெண்மணலும் ஆழமில்லாக் கடலும் சிந்தாத்திரை மாதா ஆலயமும் நல்ல தண்ணீர்க் கிணறுகளும் உள்ள இடம். விடுமுறை நாட்களிற் பட்டணத்தார் குடும்பம் குடும்பமாக வந்து நீராடிச் செல்வர். அவர்களுடைய வண்டிகள் பனைகளின் கீழ் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் ஒரு நாள், கூரையே இல்லாத, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, தரையோடு தரையாகத் தாழ்ந்த சிவப்பு நிறக் கார் ஒன்று நின்றது. 1960களில் இங்கிலாந்திற் செய்யப்பட்ட விளையாட்டுக் கார் அது. ஊர்ச் சிறுவர் அனைவரும் அதைச் சூழ்ந்து நின்றனர். அதன் உரிமையாளரோ என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த மாணவர். இன்று கொழும்பிற் கணக்காளராகத் தொழில் செய்பவர்.

"சேர், அடுத்த வருஷம் இதைக் கொண்டு நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயத்துக்குப் போகப் போறன்" என்றார்.

நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட என்னும் இடத்தில் நடைபெறும் அப்பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலை மலையின் வளைந்த பாதையிற் கார்கள் ஒவ்வொன்றாக, நேரத்தோடு போட்டியிட்டு மேலேறும். அங்கே செல்வதற்குத் தம்முடைய காரில் ஒரு 'ரோல் பார்' பூட்ட வேண்டும் என்றும், வேலணையிலேயே ஒரு பட்டறையில் ஒரே நாளில் அதைச் செய்வித்துவிடலாம் என்றும், தண்ணீர்க் குழாய் இருந்தாலும் போதும் என்றும் அவர் சொன்னார். தாளிற் படமும் வரைந்து காட்டினார். ஆசனங்களின் பின்னே பளபளவென்று இரண்டு வளையங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. என் நினைவு வேறோரிடத்துக்குச் சென்றுவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த இன்னொரு பையன், படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வன்னிக்கு உழவு இயந்திரம் ஓட்டச் சென்றான். மாரி உழவின்போது வாய்க்கால் வரம்பில் ஏறிய இயந்திரம் பின்புறமாகப் புரண்டது. அவன் அதன் கீழ் அகப்பட்டான். அவனுடைய உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது, உயர்ந்த நிலத்திலிருந்தோ வேகமாகவோ விழுந்தானா என்று தாய் கேட்டாள். இல்லை, மாடு நடக்கும் வேகத்திலேதான் அந்த இயந்திரம் சென்றுகொண்டிருந்தது. இருக்கைக்கு மேலே ஓர் இருப்பு வளைவு இருந்திருந்தால் அவன் பிழைத்திருக்கக் கூடும் என்பதை நான் அறிந்ததே மிகப் பிந்தித்தான். ஆதலின் இந்த வளையத்தை ஓர் அலங்காரப் பொருளாக என்னாற் பார்க்க முடியவில்லை.

இனி, 'ரோல் பார்' என்பது யாது எனப் பார்ப்போம். தமிழிற் கவிழ்காப்பு வளையம் எனலாம். திறந்த கார் தலைகீழாகப் புரண்டால் நிலத்திற் படுவது எது? காரின் முன்கண்ணாடிச் சட்டம். அது மடிந்தவுடன் ஓட்டுபவரின் தலை. அத்தலைக்கும் நிலத்துக்கும் இடையே நின்று வண்டியின் பாரத்தைத் தாங்குவதே இந்த வளையத்தின் தொழில். ஆசனத்தின் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து, தலைக்கு மேலாக வளைந்து, மறுபக்கம் இறங்கும் ஓர் உருக்குக் குழாய் அது. அதைப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்க இரண்டு சாய்குழாய்கள் உண்டு. முன்னாலும் பக்கங்களிலும் கதவுகளிலும் மேலும் குழாய்களைத் தொடுத்து ஓட்டுபவரைச் சுற்றி ஒரு கூடு கட்டினால் அது 'ரோல் கேஜ்', அதாவது கவிழ்காப்புக் கூண்டு ஆகும்.

நமது பழைய கூடாரவண்டிகளை நினைத்துப் பாருங்கள். வளைத்த மூங்கில்களின் மேல் பாய் போர்த்திய அந்தக் கூடாரம் வெயிலையும் மழையையும் தாங்கும். வண்டி குடைசாய்ந்தால் ஒன்றையும் தாங்காது. வடிவில் இரண்டும் உறவு. வேலையில் ஓர் உறவும் இல்லை. நம்மவர் பலர் கவிழ்காப்பு வளையத்தைக் கூடாரத்தின் உறவாகவே எண்ணிவிடுகின்றனர். வீதிகளிற் செல்லும் ஜீப்புகளிலும் சிறு பாரவண்டிகளிலும் ஓட்டுநர் அறைக்குப் பின்னே மினுக்கிய குழாய் வளையங்கள் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுட் பல மெல்லிய தகட்டில் இரண்டு மூன்று சிறிய போல்ட்டுகளாற் பூட்டப்பட்டவை. விளக்குகளைத் தாங்குவதற்கு அவை நல்லவை.

உண்மையான வளையம் எவ்வளவு தாங்க வேண்டும்? உலக மோட்டார்ப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேசச் சம்மேளனம், அங்கீகாரம் கேட்டு வரும் கூண்டுகளுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. காரின் நிறையோடு 150 கிலோவைக் கூட்டி, வருகிற தொகையின் ஏழரை மடங்குப் பளுவை மேலிருந்து தலைமை வளையத்தின் மீது அழுத்திப் பார்ப்பார்கள். கார் நிற்கும்போது அதன் நிறை ஒரு மடங்குதானே, ஏழரை மடங்கு எதற்கு என்று நானும் கேட்டேன். பனம்பழத்தை ஒருவர் நம் உச்சந்தலையில் மெல்ல வைத்தால் அது ஒரு பாரம். அதே பழம் மரத்திலிருந்து விழுந்தால்? தீவகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே குழாயைப் பற்றியும் விதி கண்டிப்பானது. மூட்டு இல்லாது, குளிர்நிலையில் இழுத்துச் செய்யப்பட்ட கரி உருக்குக் குழாயாக அது இருத்தல் வேண்டும். தலைமை வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் இரண்டரை மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும், அன்றேல் 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் குறைந்த அளவு. தண்ணீர்க் குழாய் இதற்கு உதவாது. அது நீரின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்தது. நெளிக்கும் விசையைத் தாங்க அன்று. வளைக்கும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. நம் கொல்லர்கள் குழாயினுள் மணலை நிரப்பி, நெருப்பிற் காய்ச்சி, நெளிவின்றி அழகாக வளைப்பார்கள். கதவுக்கும் படலைக்கும் அது சிறந்த முறை. கவிழ்காப்பு வளையத்தையோ காய்ச்சாமலே, குளிர்ந்த நிலையிலேயே வளைத்தல் வேண்டும். வளைவின் ஆரை குழாயின் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையலாகாது. வளைவிற் குழாய் தட்டையானால், அடிபடும்போது முதலில் மடிவது அந்த இடமே.

வளையத்தினுள்ளே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு குறுக்குக் குழாயும் வேண்டும். என் மாணவர் வரைந்த படத்தில் அது இல்லை. அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டாராம். நாற்கோணச் சட்டத்தைக் கையாற் பிடித்து ஒரு பக்கம் தள்ளினால் அது சரிந்துவிடும், முக்கோணம் சரியாது. கூரைக்குக் கைமரம் ஏற்றும் தச்சர் யாவரும் அறிந்த கணக்கு இது. கார் எப்போதும் நேராகத் தலைகீழாக விழுவதில்லை. பெரும்பாலும் பக்கவாட்டிற் புரண்டு, சறுக்கிக்கொண்டே செல்லும். அந்தச் சரிவைத் தடுப்பதற்கே குறுக்குக் குழாய். பின்முட்டுகளும் செங்குத்தாக நிற்கலாகாது. நிலைக்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகையேனும் சாய்ந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இவை எல்லாம் ஒரே நாளிற் பிறந்த விதிகள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒருவருடைய உயிர் நிற்கிறது. அமெரிக்காவின் இன்டியனாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், 1958ஆம் ஆண்டு முதற் சுற்றிலேயே பல கார்கள் மோதிக்கொண்டன. பாட் ஓ'கொனர் என்னும் ஓட்டுநரின் கார் மேலெழுந்து தலைகீழாக விழுந்தது, அவர் இறந்தார். அடுத்த ஆண்டு முதல் அப்பந்தயக் கார்களில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னே உருக்கு வளையம் கட்டாயமாயிற்று. 1961இல் ஃபோர்முலா வண் கார்களுக்கும் அவ்விதி வந்தது. அதற்கு முன் அப்பந்தயங்களில் ஓடிய வீரர் சிலர், கார் புரளும்போது வெளியே எறியப்படுவதே நல்லது என்று நம்பி, பட்டி கட்டாமலே ஓட்டினர் என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்த நம்பிக்கை பலரைக் கொன்றது.

வளையம் இருந்தும் போதாமற் போன நிகழ்ச்சியும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை 3ஆந் திகதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் திடலிற் சீன ஓட்டுநர் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகப் புரண்டு, நெடுந்தூரம் சறுக்கிச் சென்று, தடுப்பைத் தாண்டி வேலியில் மோதியது. அவருடைய தலைக்குப் பின்னே இருந்த வளைவு உராய்விலேயே பிடுங்கப்பட்டுப் போயிற்று. 2018 முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்த 'ஹேலோ' என்னும் டைட்டேனிய வளைவே அவரைக் காத்தது. அவர் காயமின்றி எழுந்து வந்தார். பின்னர் 2023இல் அவ்வளைவுக்கான விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. உலகின் மிகுந்த செலவுடைய கார்களுக்கே இக்கதி என்றால், தண்ணீர்க் குழாய் வளையத்தைப் பற்றி என்ன சொல்வது!

இத்தனையையும் என் மாணவருக்கு எடுத்துச் சொன்ன பின், இருவருமாக வேலணையில் உள்ள பட்டறைக்குச் சென்றோம். பட்டறை உரிமையாளர் என்னிலும் மூத்தவர். நான் அவரை அண்ணை என்றே அழைப்பேன். 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும்படி பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பழக்கிய கைகளுள் அவருடையவையும் அடங்கும். அத்தகைய கைகளுக்கு முடியாதது ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். அவர் படத்தைப் பார்க்கவில்லை. நேரே காரின் பக்கத்தில் மண்டியிட்டு, கம்பளத்தை நீக்கி, ஆசனத்தின் பின்னே இருந்த தரைத் தகட்டை ஒரு சிறு சுத்தியலாற் தட்டிக்கொண்டே சென்றார். 'டிங், டிங்' என்று ஒலித்தது. ஓரிடத்தில் 'பொத்' என்றது. சுத்தியலின் கூர்முனையை அங்கே வைத்து அழுத்தினார். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"தம்பி, குழாயில பிழையில்லை. அது நிக்கப்போற நிலந்தான் பிழை" என்றார்.

கறள்! கொழும்புக் கடற்காற்றும் ஐம்பது ஆண்டு மழையும் உள்ளிருந்து தின்ற கறள். மேலே பூசிய சிவப்பு வர்ணம் மட்டும் புதிது. இத்தகைய கார்களுக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து ஒட்டிய உடலே சட்டமாகவும் வேலை செய்கிறது. ஆதலால் அந்தத் தகடு போனால் எல்லாம் போயிற்று. பாரம் வளையத்தின் உச்சியில் விழுகிறது; ஆனால் அதை முடிவிற் தாங்குவது வளையத்தின் பாதங்களே. கறள் பிடித்த தகட்டின் மேல் எவ்வளவு வலிய வளையத்தை நிறுத்தினாலும், கார் புரளும்போது அதன் கால்கள் சேற்றில் நட்ட கம்பு போலத் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். வளையம் ஒடியாமல் அப்படியே இருக்கும். அதனுள் இருப்பவர் இரார். இதனாலேயே ஒவ்வொரு பாதத்தின் கீழும் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் உள்ள உருக்குத் தகடு ஒன்றைக் கார் உடலோடு வெல்டிங் செய்து, அதன் மேல் மூன்று போல்ட்டுகளாலேனும் பாதத்தைப் பூட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. நல்ல தகட்டின் மேலே அன்றி, கறளின் மேலே வெல்டிங் பிடிக்காது என்பது அண்ணை சேர்த்துச் சொன்னது.

அடுத்து, தும்புத்தடிச் சோதனை. பந்தயக்காரர் உலகெங்கும் கையாளும் எளிய முறை இது. ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்து தம் ஆசனத்தில் அமர வேண்டும். வளையத்தின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு நேரான ஒரு தடியை வைக்க வேண்டும். கார் கவிழ்ந்தால் நிலம் இருக்கப்போவது அந்தத் தடியின் கோட்டில். தலைக்கவசம் அதற்கு இரண்டு அங்குலமேனும் கீழே இருத்தல் நன்று. பட்டறையைக் கூட்டும் தும்புத்தடியையே எடுத்து, படத்திற் கண்ட வளையத்தின் உயரத்தில் ஒரு பலகையை நிறுத்தி, அண்ணை தடியை அதன் மேல் வைத்தார். என் மாணவர் நெடியவர். தடி அவருடைய நெற்றியில் முட்டியது. சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு அந்தப் படத்தை அவர் கையில் எடுக்கவில்லை.

நேயர்களே, இங்கு இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பந்தயத்துக்கு நல்லதெல்லாம் வீதிக்கும் நல்லதன்று. பந்தய ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, தோள்களையும் இடையையும் இறுக்கும் அகன்ற பட்டிகளாற் கட்டுண்டிருப்பார். வீதியிற் செல்பவரோ வெறுந்தலையர். சாதாரண ஆசனப் பட்டி மோதலின்போது சற்று நீண்டு கொடுக்கும். தலை முன்னும் பின்னும் பக்கத்திலும் வீசப்படும். அவ்வேளை தலைக்கு எட்டும் தூரத்தில் ஓர் உருக்குக் குழாய் இருந்தால், சிறு மோதலிலும் மண்டை உடையும். காப்பதற்கு வைத்த கூண்டே சம்மட்டியாகிவிடும். ஆகவே வீதியிலும் ஓடும் காருக்கு முழுக் கூண்டு வேண்டாம்; பின்வளையம் ஒன்றே போதும்; அதிலும் தலை படக்கூடிய இடமெல்லாம் அதற்கென்றே செய்யப்பட்ட கடினமான மெத்தை உறை சுற்றப்படல் வேண்டும். மிருதுவான பஞ்சுக் குழல் பயன் தராது. என் மாணவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். ஆசனங்களின் பின்னே உள்ள சிறு தட்டில் அவர்களை இருத்திக்கொண்டு, பண்ணைப் பாதையிற் காற்று வாங்கியபடி வந்திருந்தார். வளையம் வந்தால் அந்தத் தட்டு வளையத்துக்குரியது, பிள்ளைகளுக்குரியதன்று. வளையம் வராவிட்டாலும் அது அவர்களுக்குரியதன்று என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆசிரியன் எத்தனை வயதிலும் ஆசிரியனே, என்ன செய்வது? வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்திற் கேட்டறிந்துகொள்ளும்படியும் சொன்னேன். கணக்காளர் ஆதலின் இதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார்.

கூண்டு காப்பது அதனுள் இருப்பவரை மட்டுமே. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ் ஹில் பந்தயத்திற் கார் ஒன்று பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மேற் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். பந்தயம் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் எங்கே நிற்பது என்பதை, ஓட்டுபவர் வளையத்தைப் பற்றிச் சிந்திக்கும் அளவுக்கேனும் சிந்திக்க வேண்டும்.

இப்போது உழவு இயந்திரத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் பந்தயக் கார்களுக்கு வளையம் கட்டாயமான அதே 1959ஆம் ஆண்டில், சுவீடன் நாடு புதிதாக விற்கப்படும் உழவு இயந்திரங்கள் அனைத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கே கவிழும் இயந்திரத்தின் கீழ் அகப்பட்டு இறப்போர் தொகை ஆண்டுதோறும் குறைந்து, ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. பந்தயம் ஓட்டுவோர் நம்மிடையே மிகச் சிலர். உழவு இயந்திரம் ஓட்டுவோரோ ஊருக்கு ஊர் உளர். பின்சில்லு சேற்றிற் புதைந்து சுழலாது நிற்க, ஓட்டுபவர் விசையைக் கூட்டினால், முன்பகுதி மேலெழுந்து ஓரிரு விநாடியில் இயந்திரம் பின்னே புரண்டுவிடும். குதித்துத் தப்ப நேரமில்லை. புதிய இயந்திரங்கள் பலவற்றில் இருக்கைக்குப் பின்னே மடக்கக்கூடிய வளைவு ஒன்று உண்டு. மரக்கொப்பில் முட்டுகிறது, கொட்டிலுக்குள் விட முடியவில்லை என்று அதை மடக்கிவிட்டு, பிறகு நிமிர்த்த மறந்தே போகிறார்கள். இருக்கைப் பட்டியோ வாங்கிய நாளில் இருந்த உறையோடே கிடக்கிறது. பட்டி கட்டாதவர் வளைவின் காவலுக்கு வெளியே வீசப்படுவார். அந்த வளைவே அவர் மேல் விழவும் கூடும். மட்காட்டில் இரண்டு பேர் ஏறி அமர்ந்து செல்லும் வழக்கத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. வளைவு ஓர் இருக்கைக்கே அளவெடுத்துச் செய்யப்பட்டது. வளைவில்லாத பழைய இயந்திரம் வைத்திருப்போர், அதே இனத்துக்கென்று செய்யப்பட்ட வளைவு கிடைக்குமா என விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். அதையும் தண்ணீர்க் குழாயிற் செய்விக்க வேண்டாம்.

சிவப்புக் காரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். மாணவர் பேருந்தில் ஏறிக் கொழும்புக்குத் திரும்பினார். கார் வேலணைப் பட்டறையின் கிடுகுக் கொட்டிலில், ஆசனங்கள் கழற்றப்பட்டு, சில்லுகள் இன்றிக் கட்டைகளின் மேல் நிற்கிறது. கறள் பிடித்த தரை முழுவதையும் வெட்டி எடுத்தாயிற்று. ஒரு பக்கத்துக்குப் புதிய தகடு ஒட்டி முடிந்துவிட்டது. குழாயை இங்கே வளைப்பதில்லை, அளவு கொடுத்து முறையாகச் செய்பவரிடமே வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது. ஆசனத்தை இரண்டு அங்குலம் தாழ்த்த வேண்டும் என்று அண்ணை சொல்கிறார். அந்தத் தும்புத்தடியை யாரும் எடுக்கக் கூடாது என்று காரினுள்ளேயே வைத்திருக்கிறார்.